சொரசொரப்பு

ஸ்டேஷன் கக்கூஸுக்குத் தரை போட்டவன் நான்.
பேர் கலியபெருமாள். ஊர் பாதிரிக்குப்பம்.
பங்குனியில் போட்டேன், முப்பத்தாறு சதுர அடி.
சாம்பல் கல், கைவைத்தால் பலாத்தோல்,
எண்ணெய் ஊற்றினாலும் கால் நிற்கும்.
மூலைக்கு வாட்டம் விட்டு
ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன்.
"கோயில் மாதிரி இருக்குய்யா" என்றார் ஏட்டு.
கூலியில் பாதி கான்ட்ராக்டரிடம் பாக்கி.

ஆவணிக் கடைசியில் பேப்பரில் வந்தது:
துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் தனவேல்
விசாரணைக்குப் போன இடத்தில்
கழிவறையில் வழுக்கி விழுந்து
வலது மணிக்கட்டு முறிவு, இடது கணுக்கால் முறிவு.

டீக்கடையே சிரித்தது.
"ஸ்டேஷன்லயே ரொம்பக் கோவக்காரன் கக்கூஸ்தான்"
என்றான் ஒருத்தன். நானும் சிரித்தேன்.
கிளாஸைக் கழுவி வைக்கும்போதுதான் உறைத்தது
அது நான் போட்ட தரை.

நாலாம் நாள் ராத்திரி ஜீப் வந்தது.
"சாமான எடுத்துக்கிட்டு ஏறு."
வாசலில் பெட்டி பிரிக்காத வெள்ளை டைல்ஸ்.
பழசைப் பெயர்க்கச் சொன்னார்கள்.
உளிச் சத்தம் நிற்கும்போதெல்லாம்
லாக்கப்பில் யாரோ இருமினார்கள்,
நான் சீக்கிரம் அடுத்த அடி அடித்தேன்.
விடிவதற்குள் முடிந்தது.
தரையில் என் முகம் தெரிந்தது.
கூலி கையோடு வந்தது, பழைய பாக்கியும் சேர்த்து.
கேட்காமல் போலீஸ் காசு கொடுத்தால்
எதையோ வாங்கிவிட்டது என்று அர்த்தம்.

இடிசலைக் கெடிலத்தில் கொட்டச் சொன்னார்கள்.
கொட்டினேன்.
ஒரு கல் மட்டும் முழுசாய் இருந்தது.
நியாயம் கியாயம் எதையும் நினைக்கவில்லை;
நல்ல கல்லை எறிய எந்தக் கொத்தனுக்குக் கை வரும்?
வீட்டில் குளிக்கிற இடத்தில் பதித்தேன்.
அமிர்தவல்லி அதில்தான் குதிகால் தேய்ப்பாள்.

ஒன்றரை வருஷம்.
தனவேல் பெண்டாட்டி ராசகிளி
மனு நகலையெல்லாம் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில்
நனையாமல் வைத்திருந்தாள்.
கலெக்டர் ஆபீஸில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கினார்கள்.
'விசாரிக்கப்பட்டது, புகாரில் உண்மையில்லை.'
விசாரித்தவர்
அடித்தவரோடு ஒரே கேரியரில் சாப்பிடுகிறவர்.

பிறகு வக்கீலம்மா ஒருத்தர் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்.
தகவல் கேட்டுப் பில்லை வாங்கினார்.
பங்குனி பில் இருக்கிறது: 'வழுக்காத வகை'.
ராத்திரி வேலைக்குப் பில் கிடையாது.
அரசாங்கக் கணக்கில்
வழுக்குகிற தரையே இல்லை.

அப்படித்தான் என்னைத் தேடி வந்தார்.
கான்ட்ராக்டர் சொன்னான், குவார்ட்டர்ஸ் வேலை உனக்குத்தான், போகாதே.
முன்பின் தெரியாத ஒருத்தர் கேட்டார்,
உன் பையன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?

மஞ்சக்குப்பம் கோர்ட்டு.
தனவேல் பாத ஓரத்தால் நடந்து வந்தான்.
வழுக்கி விழுந்தவனுக்கு
உள்ளங்காலில் எப்படி அடிபடும்?
அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு கேட்டது:
ராத்திரியில் மாற்றச் சொன்னபோது ஏன் என்று கேட்டீரா?
இல்லைங்க.
கூலி வாங்கினீரா?
வாங்கினேன்.
அப்படியென்றால் நீரும் உடந்தை?

ஃபேன் சுற்றுகிற சத்தம்.
ராசகிளி பெட்டி மூடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆமாங்கய்யா. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.

கோணிப்பையைப் பிரித்துக் கல்லை எடுத்து வைத்தேன்.
விளிம்பில் மஞ்சள் கறை, ஒரு முடி.
ஜட்ஜ் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார்,
நிறுத்தினார், இன்னொரு முறை தேய்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கிளார்க் நூல் கட்டி அட்டையில் நம்பர் எழுதினார்.

வீட்டுக்கு வந்தேன்.
குளிக்கிற இடத்தில் சதுரமாய் ஒரு பள்ளம், சேறு.
"கல்லு எங்க?" என்றாள் அமிர்தவல்லி.
கோர்ட்டில் இருக்கிறது என்றேன்.
"எப்பத் தருவாங்க?"

அடுத்த வாய்தா தேதியைச் சொன்னேன்.